வரிசையில் நின்ற மாணவர் உலகத்துக்குக் கொடுத்த "லினக்ஸ்"

பினியா தொழிற்பேட்டையில் லேத் ஓட்டுகிறவரின் மகன் என்ஜினீயரிங் படிக்கிறான். சிவாஜிநகர் மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிறவரின் மகள் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறாள். பெங்களூரில் வாழும் தமிழர் குடும்பங்களில் இன்று இது சாதாரண காட்சி.

கல்லூரியில் சேர்ந்த முதல் மாதமே வீட்டுக்கு ஒரு செலவு வந்து நிற்கும். "லேப்-டாப் வேண்டும்" என்று பிள்ளை கேட்கும். சீட்டுப் பணத்தை எடுத்தோ, நகையை அடகு வைத்தோ தகப்பனார் வாங்கிக் கொடுத்து விடுவார்.

அதைத் தூக்கிக்கொண்டு கல்லூரிக்குப் போனால் அங்கே இரண்டு பூட்டுகள் காத்திருக்கும்.

முதல் பூட்டு கம்ப்யூட்டருக்கு உள்ளேயே இருப்பது. அதை இயக்கும் மென்பொருளுக்குப் பணம் கட்ட வேண்டும். பணம் கட்டினாலும் அதன் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க முடியாது.

இரண்டாவது பூட்டு கல்லூரியின் நெட்வொர்க். "இந்தக் கம்ப்யூட்டரை அனுமதிக்க மாட்டோம்", "இந்த மென்பொருள் இருந்தால்தான் அனுமதி" என்று அது சொல்லும்.

முதல் பூட்டைத் திறக்கும் சாவி இலவசமாகவே கிடைக்கிறது. அதன் பெயர் "லினக்ஸ்". இரண்டாவது பூட்டின் சாவி கல்லூரியின் கையில் இருக்கிறது. அதை உடைக்கக் கூடாது. கேட்டு வாங்க வேண்டும். எப்படிக் கேட்பது என்று தெரிந்தால் போதும்.

வேடிக்கை என்னவென்றால், இந்த லினக்ஸ் பிறந்ததே ஒரு பல்கலைக்கழகத்தின் கட்டுப்பாட்டினால்தான்!

போர்மேன் செய்யும் வேலை

கதைக்குப் போகும் முன்பு ஒரு சிறு விளக்கம்.

ஒரு தொழிற்சாலையில் எத்தனையோ எந்திரங்கள், எத்தனையோ தொழிலாளர்கள். எந்த எந்திரத்தில் யார் எப்போது வேலை செய்வது, எந்தச் சாமானை எங்கே வைப்பது என்று முடிவு செய்கிறவர் போர்மேன். கம்ப்யூட்டருக்குள் இந்தப் போர்மேன் வேலையைச் செய்யும் மென்பொருளுக்குத்தான் "ஆபரேட்டிங் சிஸ்டம்" என்று பெயர். அது இல்லாவிட்டால் கம்ப்யூட்டர் வெறும் பெட்டி.

பெரும்பாலான வீட்டுக் கம்ப்யூட்டர்களில் போர்மேனாக இருப்பது அமெரிக்காவின் மைக்ரோசாப்ட் கம்பெனி விற்கும் "விண்டோஸ்". அதை உபயோகிக்கலாம். ஆனால் அது எழுதப்பட்ட மூல வரிகளைப் பார்க்க முடியாது. நகல் எடுத்து நண்பனுக்குக் கொடுக்கவும் கூடாது. மூடிக்குச் சீல் வைத்து விற்ற லேத் மாதிரி. ஓட்டலாம்; திறந்து பார்த்துப் பழுது நீக்க முடியாது.

லினக்ஸ் அப்படி இல்லை. மூல வரிகள் எல்லாருக்கும் திறந்து கிடக்கின்றன. படிக்கலாம், திருத்தலாம், நகல் எடுத்துப் பத்துப் பேருக்குக் கொடுக்கலாம். சட்டப்படி எந்தத் தப்பும் இல்லை.

16 பேருக்கு மேல் இடம் இல்லை!

பின்லாந்து நாட்டின் தலைநகர் ஹெல்சிங்கி. 1990-ம் ஆண்டு அங்குள்ள பல்கலைக்கழகத்துக்கு "யூனிக்ஸ்" வகைப் போர்மேன் கொண்ட ஒரு கம்ப்யூட்டர் வந்தது. ஒரே நேரத்தில் 16 பேர்தான் அதில் வேலை செய்யலாம். 17-வது ஆள் வந்தால் காத்திருக்க வேண்டியதுதான்.

அப்படிக் காத்திருந்தவர்களில் ஒருவர் லைனஸ் டார்வால்ட்ஸ் என்ற மாணவர்.

1991-ம் ஆண்டு ஜனவரியில் அவர் சொந்தமாக ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். மொத்தப் பணம் கையில் இல்லை. தவணை முறையில்தான் வாங்கினார்!

வீட்டில் இருந்தபடியே டெலிபோன் வழியாகப் பல்கலைக்கழகக் கம்ப்யூட்டருடன் பேச வேண்டும் என்பது அவருடைய ஆசை. அதற்காக ஒரு சிறு மென்பொருள் எழுதினார். பல்கலைக்கழகத்தில் இருந்து வரும் செய்திகளைச் சேமித்து வைக்க வேண்டுமே? அதற்கு ஒரு பகுதி எழுதினார். சேமித்ததை ஒழுங்காக அடுக்க வேண்டுமே? அதற்கு இன்னொரு பகுதி. இப்படி ஒன்றன் பின் ஒன்றாக எழுதிக்கொண்டே போனதில், ஒரு முழுப் போர்மேனுக்குரிய எலும்புக்கூடு உருவாகி விட்டது.

அவருக்கு வழிகாட்டியாக இருந்தது "மினிக்ஸ்" என்ற சிறிய ஆபரேட்டிங் சிஸ்டம். ஹாலந்தில் ஆம்ஸ்டர்டாம் நகரப் பேராசிரியர் ஆண்ட்ரூ டானன்பாம், மாணவர்கள் படிப்பதற்காக 1987-ம் ஆண்டு எழுதியது அது.

1991-ம் ஆண்டு ஆகஸ்டு 25-ந் தேதி டார்வால்ட்ஸ் தன் முயற்சியை வெளியே அறிவித்தார். இது வெறும் பொழுதுபோக்கு, பெரிதாக ஒன்றும் ஆகாது என்றுதான் அவர் அப்போது சொன்னார். அவருக்கு வயது 21.

அடுத்த மாதமே அது பின்லாந்துப் பல்கலைக்கழகங்களின் நெட்வொர்க்கில், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி வைக்கப்பட்டது. அப்போது அது ஏறக்குறைய 10 ஆயிரம் வரிகள் மட்டுமே. டார்வால்ட்ஸ் அதற்கு வேறு பெயர் வைத்திருந்தார். நெட்வொர்க்கைக் கவனித்துக்கொண்ட ஆரி லெம்கே என்பவர்தான் "லினக்ஸ்" என்று பெயர் சூட்டினார்.

16 பேர் என்ற கட்டுப்பாட்டுக்கு வெளியே காத்திருந்த மாணவர், அந்தக் கட்டுப்பாட்டை உடைக்கவில்லை. பிறருடைய ரகசியச் சொல்லைத் திருடவும் இல்லை. தன் வீட்டு மேஜையில் இன்னொரு கதவைச் செய்துகொண்டார்.

பிரிண்டர் கொடுத்த பாடம்

டார்வால்ட்ஸ் தனி ஆளாக எல்லாவற்றையும் செய்து விடவில்லை. அவருக்கு முன்பே அமெரிக்காவில் ஒருவர் அஸ்திவாரம் போட்டிருந்தார்.

அவர் பெயர் ரிச்சர்டு ஸ்டால்மன். எம்.ஐ.டி. என்ற புகழ் பெற்ற தொழில்நுட்பக் கழகத்தின் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்த்தவர். அந்தக் கூடத்துக்கு ஜெராக்ஸ் கம்பெனியின் புதிய பிரிண்டர் ஒன்று வந்தது. அடிக்கடி காகிதம் சிக்கிக்கொள்ளும். பழைய பிரிண்டரில் காகிதம் சிக்கினால் உடனே கம்ப்யூட்டரில் தகவல் வரும்படி ஸ்டால்மன் திருத்தி வைத்திருந்தார். புதியதில் அப்படிச் செய்ய மூல வரிகள் வேண்டும். கேட்டார், கிடைக்கவில்லை.

பழுது நீக்கத் தெரிந்த கைக்கு வேலை மறுக்கப்பட்டால் எப்படி இருக்கும்? பட்டறையில் வேலை பார்க்கிறவர்களுக்கு அந்தக் கோபம் புரியும்.

1983-ம் ஆண்டு செப்டம்பர் 27-ந் தேதி ஸ்டால்மன் ஒரு அறிவிப்பு வெளியிட்டார். எல்லாரும் சுதந்திரமாக உபயோகிக்கும் முழு ஆபரேட்டிங் சிஸ்டம் ஒன்றை எழுதப் போவதாகச் சொன்னார். அதன் பெயர் "க்னூ". 1989-ம் ஆண்டு அதற்கென்று ஒரு உரிமைப் பத்திரமும் எழுதினார். யாரும் உபயோகிக்கலாம், படிக்கலாம், திருத்தலாம், பகிரலாம். ஒரே நிபந்தனை, அப்படிப் பகிரும்போது அடுத்தவருக்கும் அதே உரிமைகளைக் கொடுக்க வேண்டும்!

1992-ம் ஆண்டு டார்வால்ட்சும் லினக்சை அந்த உரிமைப் பத்திரத்தின் கீழ் கொண்டு வந்தார். ஸ்டால்மன் குழுவினரின் கருவிகளும், டார்வால்ட்சின் மையப் பகுதியும் சேர்ந்தன. உலகம் முழுவதும் உள்ள மாணவர்களும் என்ஜினீயர்களும் கை கொடுத்தார்கள்.

டாட்டா இன்ஸ்டிட்யூட் மதிலுக்குள்ளே...

பெங்களூர் பஸ் கண்டக்டர்கள் இன்றும் "டாட்டா இன்ஸ்டிட்யூட்" என்று குரல் கொடுக்கும் இந்திய விஞ்ஞானக் கழகம், 1909-ம் ஆண்டு தொடங்கப்பட்டது. ஒரு காலத்தில் இந்த ஊரில் கம்ப்யூட்டர் நெட்வொர்க் என்றால் அந்த மதிலுக்குள்தான்.

1986-ம் ஆண்டு மத்திய அரசின் எலெக்ட்ரானிக்ஸ் இலாகா, ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் உதவியுடன் "எர்நெட்" என்ற கல்வி, ஆராய்ச்சி நெட்வொர்க்கைத் தொடங்கியது. அதில் முதலில் சேர்ந்தவை எட்டே இடங்கள். டெல்லி, பம்பாய், கான்பூர், கரக்பூர், சென்னை ஆகிய ஐந்து ஐ.ஐ.டி.கள், பம்பாயில் இருந்த தேசிய சாப்ட்வேர் தொழில்நுட்ப மையம், டெல்லியில் உள்ள இலாகா அலுவலகம், எட்டாவதாகப் பெங்களூர் விஞ்ஞானக் கழகம்.

வி.எஸ்.என்.எல். நிறுவனம் இன்டர்நெட்டைப் பொதுமக்களுக்குத் திறந்து விட்டது 1995-ம் ஆண்டு ஆகஸ்டு 15-ந் தேதிதான். அதுவரை அது ஆராய்ச்சியாளர்களின் தனிச் சொத்தாக இருந்தது. மல்லேசுவரத்தில் குடியிருந்தவருக்கு, அடுத்த தெருவில் ஓடும் அந்த வெள்ளம் ஒரு சொட்டுக்கூடக் கிடைக்கவில்லை.

அந்த மதிலுக்குள் இருந்தவர்களே பிறகு கதவைத் திறக்க முயன்றார்கள். விஞ்ஞானக் கழகப் பேராசிரியர்கள் சிலர், பெங்களூர் என்கோர் சாப்ட்வேர் நிறுவனத்தாருடன் சேர்ந்து, ஏழைகளுக்கான கையடக்கக் கம்ப்யூட்டர் ஒன்றை உருவாக்கினார்கள். "சிம்ப்யூட்டர்" என்று அதற்குப் பெயர். 2001-ம் ஆண்டு அது அறிமுகமானது. இந்திய மொழிகளுக்கு ஏற்ப வடிவமைக்கப்பட்டது.

அதற்குள் போர்மேனாக இருந்தது லினக்ஸ். விலை குறைய வேண்டும் என்றால் ஒவ்வொரு கருவிக்கும் உரிமைப் பணம் கட்ட முடியாது அல்லவா? 2004-ம் ஆண்டு நமது ஜாலஹள்ளி பாரத் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலை அதைத் தயாரித்து விற்பனைக்கு அனுப்பியது. எதிர்பார்த்த அளவு விற்பனை ஆகவில்லை. அதற்குள் செல்போன் வந்து சந்தையைப் பிடித்துக்கொண்டது.

ஆனால் காலம் செய்த வேடிக்கையைப் பாருங்கள்! இன்று கோடிக்கணக்கானவர்கள் பையில் இருக்கும் "ஆண்ட்ராய்டு" செல்போனின் மையப் பகுதியும் அதே லினக்ஸ்தான். லினக்ஸ் என்ற பெயரையே கேள்விப்படாத கட்டடத் தொழிலாளியும் தினமும் அதைத்தான் தடவிக்கொண்டிருக்கிறார்.

விஞ்ஞானக் கழகத்தில் 2022-ம் ஆண்டு நிறுவப்பட்ட "பரம் பிரவேகா" என்ற சூப்பர் கம்ப்யூட்டரும் லினக்சில்தான் ஓடுகிறது. ஒரு வினாடியில் 3,300 லட்சம் கோடி கணக்குகளைப் போடும் திறன் கொண்டது அது. உலகத்தின் மிக வேகமான 500 கம்ப்யூட்டர்கள் பட்டியலை எடுத்தால், 2017-ம் ஆண்டு நவம்பர் முதல் அத்தனையிலும் லினக்ஸ்தான்.

குடிசைப் பகுதிப் பிள்ளைகளின் கையில்

சூப்பர் கம்ப்யூட்டருக்குப் பொருந்தும் அதே பொருள், குடிசைப் பகுதிப் பிள்ளைக்கும் பொருந்துகிறது.

பன்னர்கட்டா ரோட்டை ஒட்டிய குரப்பனபாளையாவில், சுதர்சன் லே-அவுட் குடிசைப் பகுதியில், அம்பேத்கர் பெயரால் ஒரு சமுதாயக் கம்ப்யூட்டர் மையம் தொடங்கப்பட்டது. சுதந்திர சாப்ட்வேர் இயக்கத் தொண்டர்கள் தங்கள் ஓய்வு நேரத்தில் அங்கே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். பாடம் முழுவதும் சுதந்திர மென்பொருளில்தான். அந்தப் பிள்ளைகள் "கிம்ப்" என்ற இலவச மென்பொருளில் படம் வரையக் கற்றுக்கொண்டார்கள்.

ஊரில் இருக்கும் உறவினர் பிள்ளைகளுக்கும் இது புதிது அல்ல. தமிழ்நாட்டில் 2011-ம் ஆண்டு செப்டம்பரில் மாணவர்களுக்கு இலவச லேப்-டாப் வழங்கும் திட்டம் தொடங்கியது. அப்போது கொடுத்த கம்ப்யூட்டர்களில் விண்டோசுடன், "பாஸ்" என்ற லினக்சும் சேர்ந்தே இருந்தது. சென்னையில் உள்ள மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கியது அது. தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் வேலை செய்யும்.

கல்லூரிப் பூட்டு எதற்காக?

இனி இரண்டாவது பூட்டுக்கு வருவோம்.

கல்லூரிகள் நெட்வொர்க்குக்குக் கட்டுப்பாடு வைப்பதில் நியாயமும் இருக்கிறது. ஆயிரக்கணக்கான மாணவர்கள் ஒரே இணைப்பைப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். பத்துப் பேர் இரவும் பகலும் சினிமா இறக்கினால் மற்றவர்களுக்குப் பாடம் இறங்காது. ஒரு கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்தால் நூறு கம்ப்யூட்டருக்குப் பரவும். யாராவது குற்றம் செய்தால் போலீஸ் வந்து கல்லூரியைத்தான் கேட்கும்.

ஆனால் சில இடங்களில் கட்டுப்பாடு, விண்டோஸ் ஒன்றைத்தான் நினைத்துப் போடப்பட்டிருக்கிறது. அங்கேதான் லினக்ஸ் மாணவர் திண்டாடுகிறார். பெரும்பாலும் இந்தத் திண்டாட்டத்துக்கு நேர் வழி உண்டு.

1. பெயரும் ரகசியச் சொல்லும் கேட்கும் பக்கம்: இன்டர்நெட் திறந்ததும் ஒரு பக்கம் வந்து பெயர் கேட்டால் கவலை இல்லை. "பயர்பாக்ஸ்" போன்ற எந்த மென்பொருள் மூலமும் நிரப்பலாம். லினக்ஸ், விண்டோஸ் வித்தியாசம் இல்லை.

2. கருவியின் எண்: ஒவ்வொரு கம்ப்யூட்டரின் நெட்வொர்க் கருவிக்கும் 12 இலக்கங்கள் கொண்ட ஒரு அடையாள எண் உண்டு. வண்டிக்குச் சேசிஸ் நம்பர் மாதிரி. பல கல்லூரிகள் அதைப் பதிவு செய்தால்தான் உள்ளே விடும். லினக்சிலும் அந்த எண்ணைச் சுலபமாகப் பார்த்து எழுதிக் கொடுக்கலாம். சில கருவிகள் பாதுகாப்புக்காக ஒவ்வொரு நெட்வொர்க்குக்கும் ஒரு பொய் எண்ணைக் காட்டும். கல்லூரி நெட்வொர்க்குக்கு மட்டும் அதை நிறுத்தி, உண்மை எண்ணைக் காட்டும்படி அமைத்துக்கொள்ள வேண்டும். பதிவு செய்தும் கதவு திறக்காமல் போவதற்கு இது ஒரு காரணம்.

3. இடைத்தரகர்: "பிராக்சி" என்ற இடைத்தரகர் கம்ப்யூட்டர் வழியாகத்தான் வெளியே போக வேண்டும் என்று சில கல்லூரிகள் வைத்திருக்கின்றன. அதன் முகவரியை லினக்சில் குறித்துக் கொடுத்தால் இன்டர்நெட் வரும். ஆனால் புது மென்பொருளை இறக்கும்போது மட்டும் நின்று விடும்! "லினக்ஸ் சரியில்லை" என்று மாணவர்கள் கைவிடுவது பல சமயம் இந்த இடத்தில்தான். காரணம் சின்னது. மென்பொருள் இறக்கும் பகுதிக்கு அதே முகவரியைத் தனியாக ஒருமுறை சொல்லியாக வேண்டும்.

4. காவல்காரர் மென்பொருள்: கம்ப்யூட்டருக்குள் ஒரு மென்பொருளைப் போட்டால்தான் அனுமதி என்பார்கள் சில இடங்களில். இதை விற்கும் கம்பெனிகள் சில, லினக்சுக்கும் தனிப் பிரதி வைத்திருக்கின்றன. அது இருக்கிறதா என்று கேட்க வேண்டும். இல்லை என்றால், பதிவு செய்த கருவிகளுக்கு விலக்குத் தரும்படி துறைத் தலைவர் மூலம் எழுதிக் கேட்கலாம். ஒருவராகக் கேட்பதைவிடப் பத்து மாணவர்கள் கையெழுத்துப் போட்டுக் கேட்பது பலன் தரும்.

5. உள்ளூர்ச் சேமிப்பு: லினக்ஸ் மென்பொருள்களின் முழுப் பிரதியைக் கல்லூரியே ஒரு கம்ப்யூட்டரில் வைத்துக்கொள்ளலாம். மாணவர்கள் வெளியே போகாமல் உள்ளேயே எடுத்துக்கொள்வார்கள். கான்பூர் ஐ.ஐ.டி., சென்னை ஐ.ஐ.டி. போன்றவை இப்படி வைத்து வழங்கியிருக்கின்றன. இதனால் கல்லூரிக்கும் லாபம். இணைப்பில் நெரிசல் குறையும்.

செய்யக் கூடாதது

நண்பனின் ரகசியச் சொல்லைப் போட்டு உள்ளே போவது, அடுத்தவர் கருவி எண்ணைக் காப்பி அடிப்பது, தடுக்கப்பட்ட இடத்துக்குத் திருட்டுச் சுரங்கம் தோண்டுவது ஆகியவை வேண்டவே வேண்டாம்.

பிறருடைய ரகசியச் சொல்லை மோசடியாக உபயோகிப்பது, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-சி பிரிவின்படி குற்றம். மூன்று ஆண்டு வரை ஜெயிலும், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் கிடைக்கலாம். வெளி மாநிலத்தில் வந்து பிழைக்கும் குடும்பத்துக்கு, ஒரு போலீஸ் வழக்கு என்றால் பிள்ளையின் வேலை, பாஸ்போர்ட்டு எல்லாமே சிக்கலில் மாட்டும்.

கல்லூரி ஆய்வுக்கூடக் கம்ப்யூட்டரில் சொல்லாமல் கொள்ளாமல் லினக்ஸ் ஏற்றுவதும் தவறு. சொந்தக் கம்ப்யூட்டரில் செய்யட்டும். "பென்-டிரைவ்" ஒன்றில் லினக்சை வைத்து, அதில் இருந்தே ஓட்டிப் பார்க்கலாம். உள்ளே இருக்கும் விண்டோசுக்கு ஒரு கீறலும் விழாது. பிடித்த பிறகு நிரந்தரமாக ஏற்றிக்கொள்ளலாம். ஏற்றும் முன்பு பாடங்கள், போட்டோக்கள் அனைத்தையும் வேறு இடத்தில் நகல் எடுத்து வைத்துக்கொள்வது அவசியம்.

எஸ்.பி. ரோடும் பழைய பெட்டியும்

புது லேப்-டாப் வாங்க வசதி இல்லாதவர்கள் எஸ்.பி. ரோட்டில் பழைய கம்ப்யூட்டர் பார்ப்பது வழக்கம். அவர்களுக்கு ஒரு முக்கியமான விஷயம்.

விண்டோஸ் 10-க்கு வழக்கமாகக் கொடுத்து வந்த இலவசத் திருத்தங்களை மைக்ரோசாப்ட் கம்பெனி 2025-ம் ஆண்டு அக்டோபர் 14-ந் தேதியுடன் நிறுத்தியது. அதற்கு அடுத்த விண்டோஸ் 11, பழைய பெட்டிகள் பலவற்றை ஏற்காது. நல்ல நிலையில் இருக்கும் பெட்டியைத் தூக்கிப் போட வேண்டுமா? வேண்டியது இல்லை. லினக்சில் பழைய பெட்டிக்கென்றே எடை குறைந்த வகைகள் இருக்கின்றன.

கள்ள விண்டோஸ் போட்டுத் தருகிறேன் என்று கடைக்காரர் சொன்னால் மறுத்து விடுவது நல்லது. கள்ளப் பிரதியுடன் வைரசும் சேர்ந்து வர வாய்ப்பு உண்டு. அந்தக் கம்ப்யூட்டரைக் கல்லூரி நெட்வொர்க் தள்ளி வைத்தால் குற்றம் சொல்ல முடியாது.

எல்லாவற்றுக்கும் லினக்ஸ் சரிப்படும் என்றும் சொல்வதற்கு இல்லை. "டாலி" கணக்கு, "ஆட்டோகேட்" வரைபடம் போன்றவை விண்டோசுக்காகச் செய்யப்பட்டவை. அந்தப் படிப்புப் படிக்கிறவர்கள் இரண்டையும் ஒரே கம்ப்யூட்டரில் வைத்துக்கொள்ளலாம். கடிதம் எழுத, கணக்குப் பட்டியல் போட, "லிப்ரே ஆபீஸ்" என்ற இலவச மென்பொருள் போதும். ஆபீஸ் குமாஸ்தாக்கள் வீட்டில் பழகிப் பார்க்கலாம்.

பெற்றோர் கேட்க வேண்டிய ஒரு கேள்வி

கல்லூரியில் பிள்ளையைச் சேர்க்கும்போது பெற்றோர் கட்டணம் எவ்வளவு, ஹாஸ்டல் உண்டா, வேலை வாங்கித் தருவார்களா என்று கேட்கிறார்கள். இனி இன்னொரு கேள்வியையும் சேர்த்துக் கேட்கலாம். "லினக்ஸ் வைத்திருக்கும் கம்ப்யூட்டரை உங்கள் நெட்வொர்க்கில் அனுமதிப்பீர்களா?"

இதைக் கேட்கக் கம்ப்யூட்டர் தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. "ஆம்" என்று பதில் வந்தால் பிள்ளை விலை கொடுக்காமலே, உள்ளே திறந்து பார்த்துத் தொழில் கற்றுக்கொள்ளும். "இல்லை" என்று பதில் வந்தால் "ஏன்?" என்று கேட்கலாம். பல பெற்றோர் கேட்டால் கல்லூரியும் யோசிக்கும்.

மூடியைக் கழற்றிப் பார்க்காமல் எந்த மெக்கானிக்கும் உருவானது இல்லை. கம்ப்யூட்டர் தொழிலுக்கும் அதுவே விதி. தகப்பனார் தவணை கட்டும் கம்ப்யூட்டரின் மூடியைத் திறந்து பார்க்கும் உரிமை, பிள்ளைக்கு இருக்கட்டும்!